எல்லைக் கதவுக்கு எதிரே ஒரு மைக்

மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்றார் வியாபாரிகள் சங்கச் செயலாளர்.

மேடைக்கு நேர் எதிரே எல்லைக் கதவு. பூட்டி மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பக்கம் பர்மா.

அவளுக்கு முன்னால் டெல்லி அதிகாரி முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். மிளகு, பட்டு, தேக்கு, சோழர் காலத்துக் கப்பல். மணிப்பூரின் கடைக்கோடியில் இருக்கும் இந்த மோரே ஊர் வழியாக ஆசியாவையே இணைக்கப்போகும் சாலை. இரண்டாயிரம் வருட உறவு என்றார். தாளைப் பார்த்துத்தான் சொன்னார்.

ரங்கூனிலிருந்து விரட்டப்பட்டு, திரும்பப் போகப் பார்த்து, இந்தக் கதவோடு நின்றுபோன தமிழர்களின் மகள் அவள். அவளுக்குத் தெரிந்தது இருபத்தாறு வருட உறவு.

அதன் பெயர் மா சான்.

அந்தப் பக்கத்துச் சந்தையில் குடையும் செருப்பும் விற்பவள். காலையில் எல்லை தாண்டும் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு இவள் அங்கே போவாள், இல்லையென்றால் அவள் இங்கே வருவாள். நாலு மணிக்குள் அவரவர் நாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

கடைசி நாள் மா சான் சரக்கு கொண்டு வரவில்லை. மகள் தந்தாவை அழைத்து வந்தாள். பதினெட்டு வயது. வயசுப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள், கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்றாள்.

மணி மூன்றே முக்கால். அந்தப் பெண்ணைத் தங்கவைத்தால் தன் சீட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று இவளுக்குப் பயம்.

தினமும் மூடுகிற கதவு தினமும் திறந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா. யோசிச்சு வைக்கிறேன்."

மறுநாள் கதவு திறக்கவில்லை.

யோசிக்க என்ன இருந்தது என்று மூன்று வருடமாக யோசிக்கிறாள்.

கூட்டம் காத்திருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோய், கதவைப் பார்த்து, பர்மிய மொழியில் பேசினாள்.

மா சான், பிள்ளையை அனுப்பு. நான் வைத்துக்கொள்கிறேன். சீட்டு போனால் போகட்டும்.

அதிகாரிக்கு மொழி தெரியாது. நட்புறவு வாழ்த்து என்று நினைத்து முதல் ஆளாகக் கைதட்டினார்.

மொழி தெரிந்த செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவுக்கு அப்பால் ஆள் நடமாட்டமே இல்லை.

அவள் மைக்செட்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இன்னுங் கொஞ்சம் சத்தம் கூட்டி வைங்க."