முடிச்சை இறுக்கிக்கொண்ட வார்

செய்த தப்பைச் சொல்லி அழுதவர்களை ஒவ்வொருவராக ஆற்றில் முக்கி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தவர், கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எனக்குப் பின்னால் ஒருவர் வருகிறார். அவர் செருப்பின் வாரை அவிழ்க்கக்கூட எனக்குத் தகுதி கிடையாது."

அந்த ஒருவர் கூட்டத்தின் பின்னால்தான் நின்றிருந்தார். அவர் செருப்பின் வாருக்குத் தலைகால் புரியவில்லை.

"கேட்டியா?" என்று தனக்குக் கீழே இருந்த அடித்தோலிடம் சொன்னது. "ஊரையே முக்கி எடுக்கிற மனுஷனுக்கே என்னைத் தொடத் தகுதி இல்லையாம்!"

"அவர் உன்னைப் பத்தியா பேசினார்?"

"பின்னே? வாருன்னு தெளிவா சொன்னாரே. அடித்தோலுன்னு ஒரு வார்த்தை வந்துச்சா?"

இனி வானத்துத் தூதர்கள் வந்து அவிழ்த்தால்தான் மரியாதை என்று வார் தன் முடிச்சை இறுக்கிக்கொண்டது.

"அவர் வரிசையில போய் நிக்கிறாரே," என்றது அடித்தோல்.

"நம்ம ஆளா? அங்க பாவம் செஞ்சவங்கதானே நிக்கிறாங்க!"

அவர் முறை வந்தது. அவரே குனிந்தார். தச்சுவேலையில் காய்த்துப்போன விரல்களால் அந்த முடிச்சோடு பொறுமையாகப் போராடினார். அறுத்து எறியவில்லை. அவிழ்த்த செருப்பைச் சேற்றில், ஊரை அடித்து உலையில் போட்ட வரித் தண்டல்காரன் ஒருவனின் பிய்ந்த செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, எல்லாரையும் போலத் தண்ணீரில் இறங்கினார்.

பிய்ந்த செருப்பு சற்று நகர்ந்து இடம் விட்டது. "ஐயா யாரு?" என்று கேட்டது.

வார் என்ன அளக்கப்போகிறதோ என்று அடித்தோல் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"செருப்புதாங்க," என்றது வார்.