இருபத்தேழு முதுகுகள்

"எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க, அம்மா?"

தலைமை மருத்துவர் டோ கேட்டதும் அவர் பின்னால் நின்ற ஐந்து டாக்டர்களும் சிரித்தார்கள். பெரியவர் கேலி செய்தால் சிரித்தாக வேண்டும். தென்கொரியாவின் புசான் நகரில் எந்த ஆஸ்பத்திரியிலும் அதுதான் நடைமுறை.

கட்டிலில் உட்கார்ந்திருந்த ஓக்ரே சிரிக்கவில்லை. "ஆறாவது," என்றாள்.

பொதுக் குளியல் கூடத்தில் பெண்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடுவது அவள் வேலை. முப்பது வருஷம் குனிந்து தேய்த்ததில் அடிமுதுகில் முள்ளெலும்பு ஒன்று முன்னால் நழுவிவிட்டது. பத்து நிமிஷம் நின்றால் கால் மரத்துப் போகிறது. ஆபரேஷன் செய்து எலும்பை ஒட்டவைக்காவிட்டால் பிழைப்பு அவ்வளவுதான்.

"விலாவுக்குக் கீழ, பக்கவாட்டுல சின்னதாக் கீறிப் போறது என் முறை. முதுகுத் தசையைத் தொடவே வேண்டாம். ரெண்டு எலும்புக்கும் நடுவுல பெரிய முட்டாவே கொடுக்கலாம். நீங்க என்னடான்னா, முதுகுல துளை போட்டு கேமரா விடுறதுதான் வேணும்னு அடம் பிடிக்கிறீங்க. யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

கேமரா முறையில் ஆபரேஷன் செய்யும் இளைய டாக்டர் தாக், கடைசி ஆளாக நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லல. ரெண்டுலயும் அதே நாலு திருகாணிதான், உள்ள போற வழிதான் வேற. பக்கவாட்டுத் தழும்பு பதினோரு பேர், முதுகுத் துளை மட்டும் பதினாறு பேர். அத்தனை பேரையும் நான்தான் தேய்க்கிறேன்."

"தேய்ச்சா தெரிஞ்சிடுமா?"

"ஒரு பக்கம் முடிஞ்சதும் மேஜையில ரெண்டு தட்டு தட்டுவேன், திரும்பிப் படுக்கணும். யார் எப்படித் திரும்புறாங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்க முறையும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல நாலஞ்சு பேர் ரெண்டு மாசம் தொடையைக் கையால தூக்கி வச்சுத்தான் மேஜையில ஏறினாங்க. நான் நின்னு சம்பாதிக்கிறவ, டாக்டர். ரெண்டு மாசத்துக்குள்ள புத்தாண்டு. அதுக்கு முந்தின நாள் ஊரே குளிக்க வரும். அன்னைக்கு நான் அங்க நிக்கணும்."

"அப்படிப் போடு!" என்றாள் பக்கத்துக் கட்டில் பெண்.

டோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பதினாறு பேர்ல ஒருத்தர் பேரைச் சொல்லுங்க, பார்ப்போம்!"

"குளியல்ல பார்த்ததை வெளிய சொல்ற வழக்கம் எங்களுக்கு இல்ல."

"இருந்தாத்தானே சொல்றதுக்கு!"

ஐந்து பேரும் சிரிக்க வேண்டிய இடம். நான்கு பேர்தான் சிரித்தார்கள்.

"வேண்டாம் டாக்டர், விட்டுடுங்க."

"ஒரே ஒருத்தர்! சொல்லுங்க!"

ஓக்ரே கட்டில் கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்தாள். அவர் காதருகே போய், வேறு யாருக்கும் கேட்காதபடி ஏதோ சொன்னாள்.

டோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தாக், நாளைக்குக் காலையில முதல் ஆபரேஷன் இவங்களுக்கு. உங்க முறையிலேயே பண்ணிடுங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார். கூட்டமும் பின்னாலேயே ஓடியது.

தாக் மட்டும் தயங்கி நின்றார். "அப்படி என்னம்மா சொன்னீங்க?"

ஓக்ரே அவரையும் அருகே அழைத்தாள்.

"போன வருஷம் அவர் வீட்டம்மாவை அவரே கூட்டிட்டு வந்து உங்ககிட்ட பண்ணிவச்சாரே, அந்தத் துளைங்க இப்பத் தேடினாத்தான் தெரியுதுன்னு சொன்னேன்."