இரண்டாவது ரத்தம்

“பொய் சொல்லாதீங்க அக்கா. மாத்திரையை நீங்க தொடவே இல்லை!”

வந்ததும் வராததுமாக அன்புச்செல்வி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து எட்டிப் பார்த்தது. வாசலில் நின்ற தையல்நாயகி அசட்டுச் சிரிப்பு சிரித்தாள்.

“மொதல்ல உள்ள வாம்மா. வெயில்ல வந்திருக்கிற.”

கோலியனூர் வரைக்கும் மெனக்கெட்டு வந்தவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? முடக்குவாதம்தான் அன்புச்செல்வியின் ஆராய்ச்சி. உடம்பைக் காவல் காக்க வேண்டிய ரத்த அணுக்களில் சில, புத்தி கெட்டுப்போய், சொந்த மூட்டுகளையே எதிரி என்று நினைத்து அடிக்க ஆரம்பித்துவிடும். அந்தப் போக்கிரிகளைத் தேடிப் பிடித்துப் படிக்கிற வேலை. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் ரத்தம் எடுத்து, அணுக்கள் சாவதற்குள் பெட்டியில் வைத்து, பஸ் பிடித்துத் திண்டிவனத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓட வேண்டும்.

ஒரே ஆளிடம் இரண்டு தடவை எடுப்பாள். மருந்து ஆரம்பிக்கும் முன்னால் ஒன்று, ஒரு வருஷம் மருந்து சாப்பிட்ட பிறகு ஒன்று. மருந்துக்குப் போக்கிரிகள் அடங்கினார்களா என்று பார்க்கத்தான்.

தையல்நாயகியின் இரண்டாவது ரத்தத்தை மூன்று நாளைக்கு முன்னால்தான் எடுத்துப் பார்த்தாள். அடங்குவதாவது! முன்னைவிட ஆட்டம் அதிகம்.

“வாங்கின மாத்திரையெல்லாம் எங்க? எடுங்க, பார்க்கலாம்.”

தையல்நாயகி அசையவில்லை. அவள் புருஷன் விருத்தாசலம்தான் உள்ளே போய், கேப்பை மாவு டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். மாவோடு மாத்திரை அட்டைகள் கொட்டின. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

“நேத்துதாம்மா கண்ணுல பட்டுது. வாரத்துல ஒரு நாள் போடுற மாத்திரை, அதுக்குக்கூட நோவுது இவுளுக்கு! கேட்டா, ‘போட்டுக்கினுதான் இருக்கேன்’னு எங்கிட்டயே புளுவுறா.”

“மருந்து கேக்கலைன்னு நெனச்சு டாக்டர் ரெண்டு தபா அளவைக் கூட்டினாரே, அப்பவாவது வாயத் தொறந்தீங்களா?”

தையல்நாயகி சிந்திய மாவைப் புறங்கையால் ஓரமாக ஒதுக்கினாள்.

“வல்லத்துல யாரோ எண்ணெய் தேய்ச்சு விடுறாங்களாமே, அங்க போனீங்களா?”

“இல்லம்மா.”

“உடம்புக்குச் சூடுன்னு எவளாவது சொன்னாளா?”

“அதெல்லாம் இல்லம்மா. டீ குடிக்கிறியா?”

விருத்தாசலம் தலையில் அடித்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினார். தையல்நாயகி தண்ணீர்ச் சொம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். போன வருஷம் அந்த விரல்கள் வெறுமனே வீங்கித்தான் இருந்தன. இப்போது நாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டன.

அதைப் பார்க்கப் பார்க்க அன்புச்செல்விக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

“எலும்பை அரிச்சிடுச்சாம் அக்கா. டாக்டர் சொன்னார். இனிமே மாத்திரை போட்டா வலி கொறையும், அவ்வளவுதான். வளைஞ்ச விரல் நிமிராது. தெரியுமா?”

“தெரியும்மா. கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை ஆயக்கூடப் போவ முடியல. ஜாக்கெட்டுக் கொக்கிய அவுருதான் மாட்டி வுடறாரு.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

“தெரிஞ்சுமா இப்படிப் பண்ணீங்க? உங்களை மாதிரி ஆளுங்களுக்கு மருந்து கொடுக்கிறதே தண்டம்!”

சொன்ன பிறகு அன்புச்செல்விக்கே சுருக்கென்றது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

தையல்நாயகி தெருவை எட்டிப் பார்த்தாள். புருஷன் இன்னும் வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அவுருக்குத் தெரிய வேணாம்மா, கத்துவாரு. மொத தபா ரத்தம் எடுத்தியே, அன்னிக்கி ஜல்தி ஜல்தியா பெட்டியத் தூக்கிக்கினு போன்ல யார்கிட்டயோ பேசுன. மாத்திரை போட்டவங்க ரத்தமாவே வருது, அதுல நான் தேடுறது இல்லவே இல்ல, போடாத ரத்தம் கெடைக்காமத்தான் என் படிப்பு முடியாம நிக்குதுன்னு. பேசறப்பவே உனுக்குக் கண்ணு கலங்கிச்சி. பாவமா இருந்துச்சி எனக்கு.”

தண்ணீர் குடிக்கப் போன அன்புச்செல்வி சொம்பைக் கீழே வைத்தாள்.

“அப்பறம் எங்கிட்ட வந்து, ‘ஒரு வருஷம் கழிச்சித் திரும்ப எடுப்பேன், மறக்காம வந்துடுங்க’ன்னு சொல்லிட்டு ஓடிட்ட.”

ஆமாம், ஓடித்தான் போனாள். தேடிய ரத்தம் அன்றைக்கே பெட்டிக்குள் வந்துவிட்டது, அடுத்தது மாத்திரை சாப்பிட்ட ரத்தமாகத்தான் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் இவளுக்கு என்ன புரியப்போகிறது என்ற நினைப்பு, பஸ் போய்விடுமே என்ற பதற்றம். ஐயோ, அந்த பஸ் போய்த் தொலைந்திருக்கக் கூடாதா!

“மாத்திரை போட்டுட்டா நீ தேடுறது என் ரத்தத்துல இருக்காதே. அதான், நீ திரும்ப வந்து எடுக்கிற வரைக்கும் தாங்கிக்கலாம்னு போடாமயே இருந்துட்டேன்.”

சாய்ந்து கிடந்த அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு அன்புச்செல்வி தேம்பித் தேம்பி அழுதாள்.

தையல்நாயகி பதறிப்போனாள்.

“இன்னாத்துக்கும்மா அழுவுற? அந்த ரத்தமும் உனுக்கு ஒதவலியா?”