கைதட்டி பார்க்காத ஆட்டம்

"நீங்க கத்துறது அங்க கேக்குமா?" என்றாள் மனைவி, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கைதட்டி டிவிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான்.

நாடக விருது விழா. சிறந்த நடிகை யார் என்று சொல்லித் தொலைக்காமல் இழுத்துக்கொண்டே போனார்கள். நடுவில் ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், ஒரு சோப்பு விளம்பரம். இங்கே ஒருத்தனுக்கு உயிர் போய் உயிர் வருவது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

பகலெல்லாம் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். சாயங்காலமானால் நாடக அரங்கம். மனைவிக்கு அங்கே நடிகர்களின் துணிக்கு இஸ்திரி போடுகிற வேலை. அந்தச் சலுகையில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று சும்மா பார்க்கலாம். காய்ப்பேறிய அந்த இரண்டு கையும் சேர்ந்தால் பலகையால் பலகையை அடித்த மாதிரி இருக்கும். அவன் ஆரம்பித்தால்தான் சபையே தட்டும். சொந்தப் பெயர் போய் கைதட்டி என்பதே நிலைத்துவிட்டது.

இப்போது போட்டியில் இருக்கிற இந்த நாடகம் என்றால் அவனுக்குப் பைத்தியம். வாய் பேசாத ஒரு தாயின் கதை. திரை ஏறினதிலிருந்து இறங்குகிற வரை அவளுக்கு முகமூடிதான். முகமும் கிடையாது, வசனமும் கிடையாது. வெறும் உடம்பை வைத்துக்கொண்டு ஒருத்தி ஊரையே அழவைக்கிறாள் என்றால் சும்மாவா? அந்த நடிகையை அவன் மகராசி என்றுதான் சொல்லுவான். கடைசியில், செத்துப்போன மகனின் சட்டையைக் கொடியிலிருந்து உருவி மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்குவாள். ஒவ்வொரு தடவையும் மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவனால் கைதட்டவே முடியும்.

விட்டது ஒரே ஒரு நாள். நடுவர்கள் வந்து பார்த்த நாள்.

மகராசி காலைப் பிசகிக்கொண்டாள் என்று அன்று வாசல் காவல்காரன் சொன்னான். மனைவியோ, அதெல்லாம் புரளி, நிற்கக்கூட இடமில்லை, வராதீர்கள் என்று போனில் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது அவள் காதோரம் கயிறு அழுந்தின தடம் இருந்தது. கேட்டதற்குத் தலைவலி, துணி கட்டியிருந்தேன் என்றாள்.

அந்தக் குறை அவனுக்கு இன்னும் ஆறவில்லை. நடுவர்கள் உட்கார்ந்திருந்த சபையில் கைதட்ட ஆளில்லாமல் போயிற்றே!

"மகராசி தோத்துட்டா, அந்தப் பாவம் உன்னத்தான் சேரும்."

"சேரட்டும். இன்னைக்கு அவுத்துப் போட்ட சட்டை எங்க? அதையும் தேச்சுடறேன்."

ஐந்து பேரின் முகம் வரிசையாக வந்தது. மற்ற நாலு பேரையும் அவன் திட்டித் தீர்த்தான். ஒருத்தி அழுதால் கொட்டாவி விடுகிற மாதிரி இருக்குமாம். பிறகு உறையைப் பிரித்தார்கள். முதுகு மூட்டை சரிய ஆரம்பித்து, கைக்குப் பிடி அகப்படாமல் நிற்கும்போது வருமே ஒரு பயம், அது வந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

மகராசியின் பெயர்தான் கேட்டது.

ஸ்டூல் ஒரு பக்கம் உருண்டது. தட்டினான், தட்டினான், பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடிக்கிற வரைக்கும் தட்டினான்.

நடுவர்களில் மூத்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேசினார்.

"அந்த இடத்துல எல்லாத் தாயும் அழுவா. இவங்க அழல. மகனோட சட்டைய மேசைமேல விரிச்சாங்க. உள்ளங்கையால சுருக்கத்த நீவினாங்க. காலரத் திருப்பி, கைய மடக்கி, பட்டன் விழுந்த இடத்தக் கட்டைவிரலால ஒருதரம் தடவிட்டு, நாளைக்கு அவன் போட்டுக்கப் போறான்ங்கற மாதிரி மடிச்சு வெச்சாங்க. அந்த மடிப்புக்குத்தான் இந்த விருது."

கைதட்டியின் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன உளர்றாரு இவரு? மகராசி எப்ப மடிச்சா? நான் பாக்காததா?"

டிவியில் மகராசியின் முகம் பெரிதாகத் தெரிந்தது. சிரிப்பு உதட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மடிப்பை ஒருதரம் செய்துகாட்டச் சொல்லி யாரோ ஒரு சட்டையை நீட்டினார்கள். அவள் அதை வாங்கினாள், பார்த்தாள், மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கினாள்.

சபை எழுந்து நின்று தட்டியது.

"பாத்தியா, இவ அணைக்கத்தான செய்யறா…" என்று சொல்லிக்கொண்டே திரும்பினான்.

மனைவி அவனுடைய சட்டையை மேசைமேல் விரித்திருந்தாள். உள்ளங்கையால் நீவினாள். காலரைத் திருப்பினாள். கையை மடக்கினாள். எதையும் பார்த்துச் செய்யவில்லை. கண் டிவியில் இருந்தது, கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பட்டன் விழுந்த இடத்துக்குக் கட்டைவிரல் ஒருதரம் போய்வந்தது.

அன்று கயிற்றுத் தடம் இருந்த அவள் காதோரத்தைக் கைதட்டி பார்த்தான்.

"அழணும்னுதான் சொல்லி மேடைக்கு அனுப்பினாங்க," என்றாள் அவள். "சட்டையப் பாத்ததும் மறந்துட்டேன்."

மூட்டை தூக்கின அந்தக் கை இரண்டும் மெல்ல மேலே எழுந்தன.

அவள் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.