பதினான்காம் தகவலாளர்

பின்வரிசையில் உயர்ந்த கையைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முத்திருள் அண்ணன். அவள் ஆய்வு செய்த ஊரின் கமிட்டித் தலைவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம் என்பது விதி. பதினைந்து நாள் முன்பே ஆய்வேட்டை நூலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதும் விதி. பொதுமக்கள் யாரும் எட்டிப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. ஜூனியர் மாணவர்கள் வருவார்கள். அவர்களும் பிரியாணிக்கு வருகிறவர்கள்.

இவர் வந்திருந்தார். படித்தும் இருந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

வெளித் தேர்வாளர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டார். தேர்தலைப் பற்றிய ஆய்வில் ஒரு வாக்காளரே எழுந்து நின்றால் எந்தப் பேராசிரியருக்குத்தான் மனசு குளிராது?

முத்திருள் நோட்டைப் பிரித்து நிதானமாக வாசித்தார்.

"'பெயர் சொல்ல முடியாத என் பதினான்காம் தகவலாளருக்கு. ஏழு மாதம் சோறு போட்டு என்னை மகளாக வைத்திருந்த கைக்கு.' மொதப் பக்கத்துல போட்டிருக்கீக."

நன்றியுரை.

எத்தனை கவனமாக இருந்தாள்! ஊர்ப் பெயரை மாற்றினாள். மாவட்டத்தை மாற்றினாள். அறுபத்திரண்டு பேரை எண்களாக்கினாள். அவளுடைய பேராசிரியர் ஆய்வேட்டை இரண்டு முறை வரி வரியாகத் திருத்தினார். நன்றியுரையில் மட்டும் தன் பெயர் முதலில் இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி.

அவளும் பெயர் போடவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட்டாள். படித்த மடச்சி.

அந்த ஊரில் ஏழு மாதமும் அவள் சாப்பிட்டது பஞ்சவர்ணம் அத்தை வீட்டில் மட்டும்தான். அது அங்கே நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும்.

"நாலாம் அத்தியாயத்துல, அந்த ஒத்த ஓட்டு என்னோடதுன்னு பதினாலாம் நம்பர் சொன்னதா எழுதியிருக்கீக."

பஞ்சாயத்துத் தேர்தலில் யாருக்குப் போடுவது என்று ஊர் கூடி முடிவு செய்தது. கோயிலில் கற்பூரத்தை அடித்து எல்லோரிடமும் சத்தியம் வாங்கியது. பெட்டியைத் திறந்தால் முந்நூற்று எட்டில் முந்நூற்று ஏழு.

அந்த ஒரு ஓட்டை ஊர் நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறது.

சந்தேகத்தில் ஒரு தையல்காரரின் வீட்டைக் கொளுத்தி, குடும்பத்தோடு துரத்தியும் விட்டார்கள். அந்த ஓட்டு அவர் போட்டதில்லை என்று தெரிந்த ஒரே ஆள் பஞ்சவர்ணம் அத்தை. ஒரு மத்தியானம் முருங்கைக் கீரை உருவிக்கொண்டே அவளிடம் அதைச் சொல்லி அழுதாள். ஒன்னோட போகட்டும் தாயி என்றாள்.

ஆய்வேட்டில் அது நாற்பத்து மூன்று பக்கம் ஆயிற்று.

"நான் கேக்குறது இதுதேன்." முத்திருள் நோட்டை மூடினார். "அந்தப் பதினாலாம் நம்பர் நெசமாவே இருக்குற ஆளா? இல்ல, நீங்களா எழுதிக்கிட்டதா?"

"அருமையான கேள்வி!" வெளித் தேர்வாளர் மேசையைத் தட்டினார். "தரவின் நம்பகத்தன்மை. ஆய்வாளர் பதில் சொல்லட்டும்."

அவள் பேராசிரியரைப் பார்த்தாள். வாக்கு எண்ணும் நாட்களில் சேனல் சேனலாக உட்கார்ந்து மக்களின் மனசைப் பிட்டுப் பிட்டு வைக்கிறவர். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா. சாப்பாடு ஆறுது."

நானே எழுதியது என்று சொன்னால் அத்தை தப்பித்துவிடுவாள்.

ஆய்வேடு போய்விடும். ஆறு வருடம் போய்விடும். அடுத்த வாரம் சேர வேண்டிய கல்லூரி வேலை போய்விடும்.

தண்ணீரை எடுத்துக் குடித்தாள். தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"உண்மையான ஆள்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். முத்திருளும் தட்டினார்.

பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறோம் என்று அறிவித்தார்கள். முத்திருள் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து, ஊர் சார்பாக என்று சொல்லிப் போர்த்திவிட்டார்.

"சாப்பிட்டுப் போங்கண்ணே."

"இருக்கட்டும் தாயி. ஊர்ல சோலி கெடக்கு."

அவர் படியிறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் நடந்தார்.

போன் அடித்தது.

"முடிஞ்சுதா தாயி? நல்லாப் பேசுனியா? முத்திருள் அண்ணன் வந்தாகளா? அம்புட்டுத் தூரம் என்னால வர முடியலையேன்னு நாந்தேன் அவுகளைப் போகச் சொன்னேன்."

"வந்தாங்க அத்தை."

"வெறும் வயித்தோட அனுப்பிறாத தாயி."

பஸ் ஊர் போய்ச் சேர நாலு மணி நேரம். அதற்குள் கிளம்பி எங்கேயாவது போய்விடு என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால், ஏன் தாயி என்று அத்தை கேட்பாள்.

பேராசிரியரும் வெளித் தேர்வாளரும் நடுவில் அவளுக்கு இடம் விட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

"டாக்டர் மேடம், இங்க பாருங்க!" என்றான் போட்டோகிராபர்.

முதல் முறையாக ஒருவர் அவளை அப்படிக் கூப்பிடுகிறார்.

"போட்டோ எடுக்குறாங்க அத்தை. அப்புறம் பேசுறேன்."

சால்வையைச் சரிசெய்துகொண்டு நடுவில் போய் நின்றாள்.