மூன்று மில்லிமீட்டர்

பன்னிரண்டு நாளும் மூன்று மணி நேரமும் ஆகியிருந்தன.

புழு கூடாக மாறிய நேரத்தை அண்ணன் மகள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எட்டு வயது. அம்மாவுக்கு வெளியூரில் இரண்டு வாரம் ட்ரெய்னிங் என்று சொல்லி, புழு இருந்த டப்பாவோடு அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான் அண்ணன்.

இன்று மாலை ஐந்து மணிக்கு அழைத்துப் போக வருகிறான். அதற்குள் பட்டாம்பூச்சி வெளியே வந்தாக வேண்டும்.

"பத்து நாள்னுதானே சொன்னீங்க, அத்தை? இவனும் உங்கள மாதிரிதான். ஞாயித்துக்கிழமைன்னா எழுந்திரிக்கவே மாட்டான்."

சிரித்து வைத்தேன்.

வியாழக்கிழமை காலை, அவள் குளிக்கப் போனபோது டப்பாவைத் திறந்திருந்தேன். கூட்டின் பின்பக்கம் ஒரு ஓட்டை. புழுவாக இருந்தபோதே ஏதோ குளவி உள்ளே முட்டை வைத்திருக்கிறது. அதிலிருந்து வந்தது உள்ளே இருந்ததைத் தின்று தீர்த்துவிட்டுப் போய்விட்டது. ஊதினால் பறந்துவிடும்போல் இருந்தது கூடு.

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்னால் எலுமிச்சைச் செடி இருக்கிறது. இலை இலையாகத் தேடி இன்னொரு கூட்டைக் கண்டுபிடித்தேன். அதே பச்சை. அரை நாள் லீவு போட்டு, அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் பழைய குச்சியில் நூலால் கட்டி வைத்தேன்.

அது எத்தனை நாள் கூடு என்று எனக்குத் தெரியாது.

இந்த ஒன்றாவது அவளுக்கு நல்லபடியாக முடியட்டும் என்றுதான்.

தினமும் மாலை அவள் ஸ்கேலை வைத்துக் கூட்டை அளப்பாள். பிறகு என் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவாள். சுவிட்ச் ஆஃப் என்று வரும். 'க்ளாஸ்ல இருப்பாங்க' என்பேன்.

காலை ஒன்பதே காலுக்குக் கூடு அசைந்தது.

தலைப்பக்கம் வெடித்தது. முதலில் கால்கள். ஈரத் தலை. பிறகு, பிழிந்த துணிபோல இறக்கை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வந்துட்டான் பாரு, விஞ்ஞானி! எழுது, எழுது, டைம் எழுது!"

அவள் எழுதவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

புதன், 31 மி.மீ. வியாழன், 28 மி.மீ. வெள்ளி, 28. சனி, 28.

"அளந்ததைத்தான் எழுதணும், நமக்குப் பிடிச்சதை எழுதக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல. கூடு குட்டையாகுமா, அத்தை?"

மூன்று நாளாக இதை வைத்துக்கொண்டு என்னோடு சாப்பிட்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள்.

"ஆகாது. நம்மளோடது செத்துப்போச்சு. நான்தான் மாத்தி வச்சேன்."

புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: இது வேற.

பட்டாம்பூச்சி இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"அப்ப அம்மாவோட ட்ரெய்னிங்?"

நான் வந்து பேசிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று காலையில்தான் அண்ணன் மெசேஜ் அனுப்பியிருந்தான்.

அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"ட்ரெய்னிங் எல்லாம் இல்ல, கண்ணு," என்றேன். "அம்மா எங்க இருக்காங்கன்னு எங்க யாருக்குமே தெரியல."