எதிர்வீட்டு லேசர்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வரும் அம்சவள்ளி சொன்னது. என் சரக்கு எதையும் சேர்க்கவில்லை.

நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு ஊர். அங்கே சுகன்யாவுக்கு ஆறு வயதில் ஒரு மகள், பிரியதர்ஷினி. டான்சில் இரண்டும் வீங்கித் தொண்டையை அடைத்திருந்தன. குழந்தை தூங்கினால் மூச்சு நின்று நின்று வந்தது.

ஆபரேஷன் என்றாலே ஒரு வருஷமாக ஓடி ஒளிந்தவள் சுகன்யா. எதிர்வீட்டு ஜோஸ்பின் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிப் படி ஏறினாள்.

“எம் பொண்ணுக்கு லேசர்டி. கத்தியே வெக்கல.”

டாக்டரம்மா தேதி குறித்தார்.

“லேசர்தான மேடம்?”

“இல்லம்மா. கத்தி, கத்தரிதான்.”

“அப்ப வேணாம் மேடம்.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “சூடு வெச்சு எடுக்கற மெஷின்லாம் இருக்கும்மா. அதுல அந்த நேரத்துக்கு ரத்தம் கம்மி. ஆனா வீட்டுக்குப் போனப்புறம் ரத்தம் வர்றதுக்குக் கொஞ்சம் சான்ஸ் அதிகம். கத்தியில அது கம்மி. வலி எதுலயும் இருக்கும். எனக்குக் கை பழகினது கத்திதான்.”

“எதிர்வூட்டு ஜோஸ்பின் அக்கா பொண்ணுக்கு இங்கதான் லேசர் பண்ணாங்களாம்.”

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கினாள். “இங்க லேசர் மெஷினே கெடையாதுக்கா. உங்க ஊருலேர்ந்து வர்றவங்கதான் எல்லாரும் அதையே கேக்கறீங்க.”

சுகன்யாவுக்கு முகம் சிவந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள்.

“இந்தத் தேதிய விட்டா இன்னும் ரெண்டு மாசம் ஆகும்” என்றார் டாக்டரம்மா.

மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிரியதர்ஷினிக்கு அப்போது மூச்சு நின்றது. சுகன்யா எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழில் குழந்தை தூக்கிவாரிப் போட்டு மூச்சை இழுத்தது.

“எங்க மேடம் கையெழுத்துப் போடணும்?”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலைந்து நாள் வலியில் கஞ்சிகூட இறங்கவில்லை. பத்தாம் நாள் குழந்தை இட்லி தின்று, வாயை மூடித் தூங்கினாள்.

அந்தப் பத்து நாளும் சுகன்யா ஒரு சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளை விஷயத்தில் ஒருத்தி இப்படிப் பொய் சொல்வாளா? நாலு பேர் எதிரில் கேட்க வேண்டும்.

பால் சொசைட்டியில் ஜோஸ்பின் கிடைத்தாள். நாலு பேரும் இருந்தார்கள்.

“யக்கா, ஒன்னு கேக்கணும்.”

ஜோஸ்பின் தலை குனிந்துகொண்டாள்.

அதற்குள் ஆதிலட்சுமி குறுக்கே வந்தாள். இடுப்பில் மகள், வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு. “சுகன்யா, உம் பொண்ணுக்குக் கத்தி வெச்சாங்களாடி? எங்க வூட்டுக்காரரு கத்தின்னா கையெழுத்தே போடமாட்டேங்கறாரு. எனக்கும் கையி காலு ஒதறுது.”

சுகன்யா அந்தக் குழந்தையின் நெஞ்சுக்கூட்டைப் பார்த்தாள்.

“இன்னாக்கா நீ. கத்தியெல்லாம் யாரு வெக்கறாங்க இப்ப? லேசர். நாளைக்கே கூட்டிக்கினு போ.”

அம்சவள்ளி சொன்னது இவ்வளவுதான். மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோஸ்பினையே போய்ப் பார்த்து விசாரித்தேன். அவளை முதன்முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது பின்தெரு தையலம்மாள் பாட்டியாம்.

“அவங்க பேரனுக்கும் லேசர்தான்” என்றாள், சிரிக்காமல்.